வளரிளம் பிள்ளைகளுக்குப் பாலியல் நலமும் உரிமையும் எவ்வளவு புரிந்திருக்கிறது? கேட்டறிந்து சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

15 வயதுப் பிள்ளைகள் சிலரை உட்காரவைத்து "எச்.ஐ.வி. பற்றித் தெரியுமா?" என்று கேளுங்கள், எல்லோரும் தெரியும் என்பார்கள். சரி, "எச்.ஐ.வி. இருக்கிற ஒருவர் குடித்த டம்ளரில் நீ தண்ணீர் குடிப்பாயா?" என்று அடுத்ததைப் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். தெரியும் என்று சொன்னது பொய்யில்லை. பெயர் தெரியும், நோய் என்று தெரியும், எப்படிப் பரவும் என்று ஒரு வரியும் தெரியும். அந்த ஒரு வரியை வைத்து ஒரு முடிவெடுக்கத்தான் தெரியாது.

மாதவிடாய், கர்ப்பம், கருத்தடை, சம்மதம் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். ஒன்றுமே தெரியாமல் யாரும் நம்மிடம் வருவதில்லை. நண்பர்கள் சொன்னது, போனில் பார்த்தது, வகுப்பில் அவசரமாகத் தாண்டிய பாடம், பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதில் காதில் விழுந்த பாதி எல்லாம் சேர்ந்து அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும். அது என்னவென்று கேட்காமல் நாம் பாடம் நடத்தினால், பரீட்சைக்கு நம் பதிலையும் வாழ்க்கைக்குத் தங்கள் பதிலையும் வைத்துக்கொள்வார்கள். அதனால் இங்கே கேட்பதுதான் முதல் வேலை, சொல்வது அப்புறம். பெற்றோர், ஆசிரியர், இளைஞர் குழுக்களோடு வேலை செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த வரிசையில் போகலாம்.

படி 1: நீங்கள் தயாரா என்று பாருங்கள்

ஆண்குறி, பெண்குறி, விதைப்பை, விந்து, மாதவிடாய், ஆணுறை. இந்தச் சொற்களைக் குரல் மாறாமல், சிரிக்காமல், "அது", "அங்கே" என்று ஒளியாமல் சொல்ல வருகிறதா? வரவில்லை என்றால் தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நீங்கள் ஒரு சொல்லில் தடுமாறுவதைப் பார்த்தாலே, அந்த இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

அடுத்தது சட்டம். பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது, திருமண வயது, பெற்றோர் துணையில்லாமல் மருத்துவரைப் பார்க்க முடியுமா, ஒரு குழந்தை துன்புறுத்தலைச் சொன்னால் நீங்கள் புகார் செய்தே ஆக வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டில் என்ன என்று முதல் நாளுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், நடுவில் தேடுவது ஆபத்து.

இதையெல்லாம் சொல்லித்தந்தால் கெட்டுப்போய்விடுவார்களே என்கிற பயம் பலருக்கு உண்டு. யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டுதல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்வது என்னவென்றால், முறையான பாலியல் கல்வியால் பாலுறவு அதிகமாவதில்லை, முதல் பாலுறவு தள்ளிப்போகவும் ஆணுறைப் பயன்பாடு கூடவும் அது உதவுகிறது. அதே வழிகாட்டுதல் 5 முதல் 8, 9 முதல் 12, 12 முதல் 15, 15 முதல் 18க்கு மேல் என்று நான்கு வயதுப் பிரிவுகளாகப் பாடத்தைப் பிரித்துத் தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் 10 முதல் 19 வயது வரை. 10 வயதுக்காரரையும் 19 வயதுக்காரரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பாடம் நடத்துவது இரண்டு பேருக்கும் உபயோகப்படாது.

படி 2: அவர்களுக்குள் ஓடும் கணக்கைக் கேளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குழுவாக இருந்தால் கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு தாள், ஒரே நிறப் பேனா. கேள்வி இருக்கிறவர்கள் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள், எழுதுகிறவரை மற்றவர்கள் பார்ப்பார்கள். கேள்வி இல்லாதவர் "எனக்குக் கேள்வி இல்லை" என்று முழு வாக்கியமாக எழுதட்டும், அப்போது எல்லாப் பேனாவும் ஒரே சமயத்தில் ஓடும். தாள்களை உடனே பிரித்துப் படிக்காமல் எடுத்துப்போய் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த நாள் பதில் சொல்லுங்கள். சில தாள்களில் கேள்வி போலவே உதவி கேட்டு எழுதியிருப்பார்கள், அதை எல்லோர் முன்னாலும் படித்துவிடக் கூடாது.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வித்தாள். "தெரியுமா" என்று தொடங்கும் கேள்வி ஒன்றுகூட வேண்டாம். ஒரு நிலைமையைச் சொல்லி என்ன நடக்கும், என்ன செய்யலாம் என்று கேளுங்கள்:

– மாதவிடாய் முடிந்த மறுநாள் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால் கர்ப்பம் ஆகுமா?
– ஆணுறை கிழிந்துவிட்டது. அடுத்த மூன்று நாளுக்குள் என்னென்ன செய்யலாம்?
– எந்த அறிகுறியும் இல்லை. அப்படியென்றால் பால்வினை நோய் இல்லை என்று சொல்லலாமா?
– முதலில் சரி என்று சொன்ன ஒருவர் நடுவில் வேண்டாம் என்கிறார். இப்போது என்ன?
– 16 வயதுப் பிள்ளை மருத்துவரிடம் சொன்னதை மருத்துவர் யாரிடம் சொல்லலாம்?

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் "உறுதியாகத் தெரியும்", "கேள்விப்பட்டேன்", "ஊகம்" என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியும் என்று குறித்துவிட்டுத் தப்பாக எழுதியவைதான் நீங்கள் முதலில் எடுக்க வேண்டிய பாடம். தெரியாது என்று உணர்ந்தவர் கேட்டுக்கொள்வார், தப்பை உறுதியாக நம்புகிறவர் கேட்கவே மாட்டார்.

வீட்டில் ஒரே பிள்ளையிடம் பேசுகிறவர்களுக்குப் பெட்டியும் தாளும் தேவையில்லை. எதிரெதிரே உட்கார்ந்து "உன்னிடம் ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும்" என்று ஆரம்பிக்காமல், இரண்டு பேர் கண்ணும் வேறெங்கோ இருக்கிற நேரமாகப் பாருங்கள், நடக்கும்போது, வண்டியில் போகும்போது, கூடச் சேர்ந்து ஏதாவது வேலை செய்யும்போது. "உன் வகுப்பில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டால் தன் சந்தேகத்தை நண்பர் சந்தேகமாகச் சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

படி 3: உடலில் இருந்து தொடங்குங்கள்

பருவ மாற்றம் பெண்களுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. ஒரே வகுப்பில் ஒருவர் முடிக்கிற நேரத்தில் இன்னொருவர் ஆரம்பித்திருக்கவே மாட்டார், இரண்டும் இயல்புதான். பெண்ணுக்கு 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்கவில்லை, 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை, ஆணுக்கு 14 வயதாகியும் விதைகள் பெரிதாகவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த எல்லைகளை எண்ணாகச் சொல்லுங்கள். "எல்லாம் தானாக வரும்" என்று மொட்டையாகச் சொன்னால், கவலைப்படத் தேவையில்லாதவர் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார், பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விடுவார்.

மாதவிடாய் ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வருடம் சுழற்சி 21 நாளிலிருந்து 45 நாள் வரை எப்படியும் வரலாம். 2 முதல் 7 நாள் வரை உதிரப்போக்கு இருக்கும். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையும், டாம்பனை (உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) 8 மணி நேரத்துக்குள்ளும், மாதவிடாய்க் கோப்பையை 12 மணி நேரத்துக்குள்ளும் மாற்ற அல்லது காலிசெய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தாலோ, வலியில் பள்ளிக்கே போக முடியவில்லை என்றாலோ சிகிச்சை உண்டு. "பெண் என்றால் தாங்கித்தான் ஆகணும்" என்கிற பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஆண் பிள்ளைகளிடம் இந்த அளவுக்குக்கூட யாரும் பேசுவதில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு. சுய இன்பத்தால் உடல் மெலியாது, பார்வை போகாது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. விந்து உடலில் தொடர்ந்து உற்பத்தியாவது, சேர்த்துவைத்துச் செலவழிக்கும் சொத்து கிடையாது. இந்தப் பயத்தை வைத்தே மருந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்பில் லேசாக வீக்கமும் வலியும் இந்த வயதில் நிறையப் பையன்களுக்கு வரும், பெரும்பாலும் தானாகவே மறையும். ஒன்றை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. விதைப்பையில் திடீரென்று கடுமையான வலி, கூடவே வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். வெட்கப்பட்டு "வயிற்று வலி" என்று சொல்லி ஒரு ராத்திரியைக் கடத்துகிற பையன் விதையை இழக்கிறான். உறுப்பின் பெயரைச் சொல்லப் பழக்குவது எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கன்னிச்சவ்வு பற்றியும் இங்கேயே பேசிவிடலாம். அதைப் பார்த்து ஒருவர் உறவு கொண்டிருக்கிறாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது, அதைக் கைவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐ.நா.வின் மனித உரிமை, பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து 2018இல் அறிவித்தது.

படி 4: கர்ப்பத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

"மாதவிடாய் முடிந்த உடனே ஒன்றும் ஆகாது" என்பதை வெறுமனே தப்பு என்று சொன்னால் ஒட்டாது. பலகையிலோ தாளிலோ 1 முதல் 28 வரை எழுதிக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் தொடங்குகிற நாள் 1. முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாளுக்கு முன்னால். 28 நாள் சுழற்சியில் அது 14ஆம் நாள் வாக்கில், 24 நாள் சுழற்சியில் 10ஆம் நாள் வாக்கில், 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாள் வாக்கில் வரும். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் உயிரோடிருக்கும், ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை இருக்கும். இப்போது 24 நாள் சுழற்சிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 5ஆம் நாளோடு உதிரப்போக்கு நின்றுவிட்டது, 6ஆம் நாள் பாதுகாப்பில்லாத உறவு. 6 கூட்டல் 5, பதினொன்று. முட்டை வருவது 10இல். கணக்கை அவர்களே போடட்டும், "ஐயோ" என்று யாராவது சொல்வார்கள், அதற்கப்புறம் மறக்காது. இந்த வயதில் சுழற்சியே மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் நாள் எண்ணித் தப்பிக்க முடியாது என்பதும் தானாகவே புரியும்.

முதல் தடவையில் கர்ப்பம் ஆகாது என்பதும் எழுந்து குதித்தால், கழுவினால் ஆகாது என்பதும் இந்தக் கணக்கில் எங்கே இடம் பெறுகின்றன என்று கேளுங்கள். எங்குமே இல்லை. மறுபக்கம், கட்டிப்பிடித்ததால், முத்தமிட்டதால் கர்ப்பமாகிவிட்டேனோ என்று தூங்காமல் கிடக்கும் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கும் இதே கணக்குதான் நிம்மதி. இளவயதுக் கர்ப்பத்தில் வலிப்பு, தொற்று போன்ற சிக்கல்கள் தாய்க்கும், எடைக்குறைவு, குறைப்பிரசவம் போன்றவை குழந்தைக்கும் அதிகம் என்பதைப் பயமுறுத்தாமல் ஒருமுறை சொன்னால் போதும்.

படி 5: தடுப்பு முறைகளில் "என்ன செய்ய" என்பதைச் சொல்லுங்கள்

பெயர்ப் பட்டியல் ஒப்பிக்கவைப்பதில் பயனில்லை. ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் எப்படி வேலை செய்கிறது, நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்ற இடைவெளியைக் காட்டுங்கள். 100 பெண்கள் ஒரு வருடம் ஆணுறையை மட்டும் நம்பினால், ஒவ்வொரு தடவையும் சரியாகப் பயன்படுத்தும்போது 2 பேருக்குக் கர்ப்பமாகிறது, வழக்கமாக மனிதர்கள் பயன்படுத்தும் விதத்தில் 13 பேருக்கு. தினசரி கருத்தடை மாத்திரையில், சரியாகப் பயன்படுத்தும்போது ஒன்றுக்கும் குறைவு, வழக்கமான பயன்பாட்டில் 7. விந்து வருவதற்கு முன் விலகிக்கொள்வதை நம்பினால் வழக்கமான பயன்பாட்டில் 20. மாத்திரையை மறப்பதும், ஆணுறையைப் பாதியில் போடுவதும், காலாவதித் தேதியைப் பார்க்காததும், லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய் தடவுவதும்தான் அந்த இடைவெளி. இரண்டு ஆணுறையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், உரசலில் கிழிகிற வாய்ப்புதான் கூடும். மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கும், நோயைத் தடுக்காது.

எதுவாவது தவறிவிட்டால்? அவசர கருத்தடை மாத்திரையை 5 நாளுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். முட்டை வெளிவருவதைத் தடுத்தோ தள்ளிப்போட்டோதான் அது வேலை செய்கிறது, உருவான கர்ப்பத்தை அது கலைக்காது. எச்.ஐ.வி. தொற்று வந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கர்ப்பப் பரிசோதனை, உறவுக்குப் பிறகு 21 நாள் கழித்துச் செய்தால் நம்பலாம். 5 நாள், 72 மணி, 21 நாள். இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வதில் தப்பில்லை.

பால்வினை நோய்களில் பலவற்றுக்கு அறிகுறியே இருக்காது. கிளமிடியா சத்தமில்லாமல் இருந்து பின்னாளில் கருத்தரிப்பையே பாதிக்கலாம். பரிசோதனை செய்தால் கண்டுபிடிக்கலாம், கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் எல்லாம் மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி. டம்ளராலும் கொசுவாலும் கைகுலுக்கலாலும் பரவாது. தொடர்ந்து மருந்து எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாகவும் பரவாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கிட்டத்தட்ட எப்போதும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதற்குத் தடுப்பூசி உண்டு. உலக சுகாதார நிறுவனம் முதன்மையாக 9 முதல் 14 வயதுப் பெண்களுக்குப் பரிந்துரைக்கிறது, பல நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். பாலுறவு தொடங்கும் முன்பே போட்டால்தான் பலன் அதிகம், அதனால்தான் அந்த வயது. "இப்போவே எதற்கு" என்று கேட்கும் பெற்றோருக்கு இதுதான் பதில்.

படி 6: உரிமையை உபசார வார்த்தையாக விடாதீர்கள்

உரிமை என்றதும் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும், நாம் சொல்கிற விதம் அப்படி. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையில், தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்ல 12ஆம் பிரிவும், ஆரோக்கியத்துக்கு 24ஆம் பிரிவும், பாலியல் சுரண்டலிலிருந்து பாதுகாப்புக்கு 34ஆம் பிரிவும் இருக்கின்றன. பெற்றோரின் வழிகாட்டல் பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் ஏற்ற செயல்திட்டம், எத்தனை குழந்தை, எப்போது என்பதை வற்புறுத்தல் இல்லாமல் தீர்மானிப்பதை உரிமை என்றது. இந்த ஏட்டுச் செய்திகளை அவர்கள் ஞாபகம் வைக்கத் தேவையில்லை. ஆனால் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது திமிர் இல்லை, 18 வயதுக்கு முன் கல்யாணம் வேண்டாம் என்பது அடங்காமை இல்லை என்பதற்குப் பின்னால் உலகமே ஒப்புக்கொண்ட ஒன்று இருக்கிறது என்று தெரிய வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும், தன் பாலினத்தவரிடமே ஈர்ப்பு உள்ள பிள்ளைகளுக்கும் இதில் எதுவும் குறையாது. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே எடுத்துவிட்டது.

சம்மதத்தைப் பேசியே ஆக வேண்டும், அதுவும் நடித்துப் பார்த்து. வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் பயிற்சி தருகிறோம், பெரும்பாலும் பெண்களுக்கு. வேண்டாம் என்று கேட்டதும் என்ன செய்வது என்று யாரும் பழக்குவதில்லை. ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்கிறார், மற்றவர் "சரி" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஏன், கோபமா, என்மேல் பிரியமில்லையா, நேற்று சரி என்றாயே எதுவும் கூடாது. செய்து பார்த்தால்தான் தெரியும், அந்த ஒற்றைச் "சரி"யோடு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று. பேசாமல் இருப்பது, பயந்து ஒத்துக்கொள்வது, போதையில் தலையாட்டுவது எதுவும் சம்மதம் இல்லை. பெரியவர் ஒருவர் ஒரு குழந்தையோடு என்றால் அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 7: போனை விட்டுவிடாதீர்கள்

ஆபாசப் படத்தில் பார்ப்பது நடிப்பு, அதில் சம்மதம் கேட்பதையும் ஆணுறையையும் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள் என்பதை நேரடியாகச் சொல்லுங்கள். அந்தரங்கப் படத்தை அனுப்பச் சொல்லி நச்சரிப்பது, வந்த படத்தை வைத்து மிரட்டுவது இரண்டும் பிள்ளைகளின் அன்றாடத்துக்குள் வந்துவிட்டன. மிரட்டல் வந்தால் பணம் கொடுக்கக் கூடாது, இன்னொரு படமும் அனுப்பக் கூடாது, உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ஆளை பிளாக் செய்ய வேண்டும், நம்பகமான பெரியவரிடம் அன்றே சொல்ல வேண்டும். 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் பதிவேற்றாமலே, அதன் எண்முத்திரையை (படத்திலிருந்து கணினி உருவாக்கும் அடையாள எண்) மட்டும் வைத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்களிலிருந்து நீக்க உதவுகிறது. படம் அனுப்பியதற்காகத் திட்டும் வேலையைத் தள்ளிப்போடுங்கள், இல்லை விட்டேவிடுங்கள். திட்டு விழும் என்கிற பயம்தான் மிரட்டுகிறவரின் மூலதனம்.

படி 8: யாராவது தனக்கு நடந்ததைச் சொன்னால்

இந்தப் பேச்சுகளை ஆரம்பித்தால் ஒருநாள் இது வரும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்" என்று ஆரம்பிக்கலாம். சத்தியம் பண்ணாதீர்கள். "உன் பாதுகாப்புக்காக ஒருவரிடம் சொல்ல வேண்டி வரலாம், அப்படி என்றால் யாரிடம் சொல்கிறேன் என்று உன்னிடம் முதலில் சொல்வேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை சொல்கிற வேகத்தில் கேளுங்கள். ஏன் போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம், துருவித் துருவி விவரம் கேட்பது விசாரணை செய்யத் தெரிந்தவர்களின் வேலை. "நீ சொன்னது நல்லது, இது உன் தப்பில்லை" என்பது போதும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள், சட்டம் சொல்கிறபடி புகாரைக் கொண்டுபோங்கள். அந்த 72 மணியும் 5 நாளும் இங்கே கூடுதல் முக்கியம், மருத்துவம் காத்திருக்கக் கூடாது.

படி 9: மருத்துவமனை வாசலைக் கடக்கப் பழக்குங்கள்

எல்லாம் தெரிந்த பிள்ளையும் வரவேற்பு மேசையில் "என்ன விஷயமா வந்தீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டதும் திரும்பி வந்துவிடும். அதனால் அதற்கு ஒரு வரியைத் தயாராக்கிக் கொடுங்கள்: "மருத்துவரிடம்தான் சொல்ல வேண்டும்." உள்ளே போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "நான் சொல்வதை யாரிடமாவது சொல்வீர்களா?" என்பது. பதிலைக் கேட்டுவிட்டு மீதியைச் சொல்லலாமா என்று பிள்ளையே தீர்மானிக்கட்டும். கடைசி மாதவிடாய்த் தேதி, எடுத்த மருந்துகள், கேட்க வேண்டியவை மூன்றையும் போனில் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நீங்களே முன்கூட்டி ஒருமுறை போய், அங்கே இளையவர்களைத் தனியாகப் பார்க்கிறார்களா, முகம் சுளிக்காமல் பேசுகிறார்களா என்று பார்த்துவிட்டு இடத்தைச் சொன்னால் இன்னும் நல்லது.

படி 10: திரும்பவும் அதே கேள்விகள்

சில வாரம் கழித்து இரண்டாம் படியின் அதே கேள்வித்தாளைக் கொடுங்கள், அதே மூன்று குறிப்புகளோடு. சரியான பதில்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், "ஏன்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாதவிடாய் முடிந்த மறுநாள் பற்றிய கேள்விக்கு "ஆகும்" என்று மட்டும் எழுதியவருக்கு உங்கள் பதில்தான் ஞாபகம் இருக்கிறது, "விந்தணு 5 நாள் இருக்குமே" என்று எழுதியவருக்குத்தான் புரிந்திருக்கிறது. முதல் தடவை உறுதியாகத் தெரியும் என்று குறித்தவர் இந்தத் தடவை "கேள்விப்பட்டேன்" என்று இறங்கி வந்திருந்தால் அதையும் முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விப் பெட்டியை எடுத்துவிட வேண்டாம், எந்தக் கிழமை திறப்பீர்கள் என்று மட்டும் அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் எப்போது சொல்வீர்கள் என்று நாள் குறித்துச் சொல்லிவிட்டு, அந்த நாளில் சொல்லுங்கள்.